டிக்கிக்குள் வைத்து விற்ற இறக்கை: டூரிங் கார் பந்தயங்கள் கடந்து வந்த பாதை

1973-ஆம் ஆண்டில் பிஎம்டபிள்யூ நிறுவனத்தின் 3.0 சிஎஸ்எல் காரை ஜெர்மனியில் வாங்கியவர்கள் டிக்கியைத் திறந்தபோது, உள்ளே ஒரு பெரிய இறக்கை கழற்றிய நிலையில் இருந்தது. காரின் பின்புறத்தைக் காற்றின் விசையால் தரையோடு அழுத்திப் பிடிக்கும் அந்த இறக்கையைப் பொருத்திக்கொண்டு பொதுச்சாலையில் ஓட்ட அந்நாட்டுச் சட்டம் இடம் தரவில்லை. விற்பனைக்கு வராத ஒரு பாகத்தைப் பந்தயக் காரில் மாட்டப் பந்தய விதிகள் இடம் தரவில்லை. ஆகவே நிறுவனம் இறக்கையை விற்றது, ஆனால் பொருத்தித் தரவில்லை. இரண்டு சட்டங்களும் மீறப்படாமல் காப்பாற்றப்பட்டன. அந்த ஆண்டின் ஐரோப்பிய டூரிங் கார் பட்டமும் அந்தக் காருக்கே கிடைத்தது.

டூரிங் கார் என்பது, கூரையும் பின் இருக்கையும் கொண்டு பயணத்துக்கென்று தயாரிக்கப்பட்ட காரிலிருந்து உருவாக்கப்படும் பந்தய வாகனம். ஃபார்முலா 1 காரைக் கடையில் வாங்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைக் குறையாகச் சொல்வதில்லை. டூரிங் கார் பந்தயத்தின் ஈர்ப்பு வேறு வகையானது. பார்வையாளர், தம் வாசலில் நிற்கும் காரைப் போன்ற ஒன்று பக்கத்துக் காரோடு உரசிக்கொண்டு வளைவில் நுழைவதைப் பார்க்கிறார். தயாரிப்பாளர் அந்த ஒற்றுமையைக் காட்டியே மறுவாரம் காரை விற்கிறார். அந்த ஒற்றுமை எந்த அளவுக்கு உண்மையாக இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு விதிகளை எழுதுபவர்கள் தலைமுறைக்கு ஒரு விடை எழுதினார்கள். ஒவ்வொரு விடையிலும் அணிகள் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தன. டூரிங் கார் பந்தயங்களின் வரலாறு, வென்ற ஓட்டுநர்களின் வரிசையைக் காட்டிலும் அந்த ஓட்டைகளின் வரிசையாகவே எனக்குத் தெளிவாகப் புலப்படுகிறது.

தொடக்கத்தில் பந்தயத் தடம் என்று தனியாக ஒன்று இருக்கவில்லை. ஊருக்கு ஊர் செல்லும் பொதுச்சாலையே பந்தயத்துக்கும் போதுமானதாக இருந்தது. 1903 மே மாதம் பாரிஸிலிருந்து மாட்ரிட் நோக்கிப் புறப்பட்ட பந்தயம் அந்தக் காலத்தை முடித்துவைத்தது. புழுதி மூடிய சாலையில், ஓரத்தில் தடுப்பு ஏதுமின்றி நின்ற கூட்டத்துக்கு நடுவே கார்கள் பாய்ந்ததில், ரெனோ நிறுவனத்தைத் தொடங்கிய சகோதரர்களில் ஒருவரான மார்செல் ரெனோ உட்படப் பலர் இறந்தார்கள். பந்தயம் போர்தோ நகரிலேயே நிறுத்தப்பட்டது. அதன் பிறகு ஊர்விட்டு ஊர் செல்லும் பந்தயங்கள் மங்கி, காவல் வைத்து அடைக்கக்கூடிய, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும் சுற்றுப்பாதைகள் வழக்கத்துக்கு வந்தன.

பொதுச்சாலையில் மணிக்கு 20 மைல் என்ற வேக வரம்பு இருந்த பிரிட்டனில் இதற்கு வேறொரு காரணமும் சேர்ந்தது: கார் தயாரித்தவர்களுக்குத் தங்கள் காரை முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்கவே இடம் இல்லை. சர்ரே மாவட்டத்தில் ஹியூ லாக் கிங் என்ற நிலக்கிழார் தம் சொந்த நிலத்தில் சொந்தப் பணத்தைக் கொட்டிக் கட்டிய புரூக்லண்ட்ஸ், 1907 ஜூன் மாதம் திறக்கப்பட்டது. கார் பந்தயத்துக்கென்றே கட்டப்பட்ட முதல் தடம் அதுதான். சுமார் 2.75 மைல் சுற்றளவு கொண்ட அந்தக் கான்கிரீட் தடத்தின் வளைவுகள், கிண்ணத்தின் விளிம்பைப் போல ஏறத்தாழ 30 அடி உயரத்துக்குச் சாய்த்து எழுப்பப்பட்டிருந்தன. அங்கே பந்தயம் நடத்தியவர்களுக்குத் தெரிந்த பந்தயம் குதிரைப் பந்தயம் மட்டுமே. ஆகவே தொடக்கத்தில் கார்களுக்கு எண் கொடுக்காமல், ஜாக்கிகளைப் போல ஓட்டுநர்களுக்கு வண்ண அங்கிகளைக் கொடுத்தார்கள். கார்கள் காத்து நிற்கும் இடத்தை இன்றும் பேடாக் என்றே அழைப்பது அந்த வழக்கத்தின் எச்சம். வேகமான காரைத் தாமதமாகப் புறப்படவைத்து மெதுவான காருக்கும் வெற்றிவாய்ப்பைத் தரும் ‘ஹேண்டிகேப்’ முறையும் குதிரை மைதானத்திலிருந்தே வந்தது. பல பத்தாண்டுகள் கழித்து டூரிங் கார் பந்தயம் இதே யோசனையை வேறு வடிவில் கையில் எடுத்ததால் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்த இருபது ஆண்டுகளில் பல நாடுகள் தமக்கென்று தடங்களைக் கட்டின. 1909-இல் திறக்கப்பட்ட அமெரிக்காவின் இண்டியனாபொலிஸ் தடத்தில், உடைத்த கல்லும் தாரும் கொண்டு போட்ட தளம் முதல் கார் பந்தயங்களிலேயே பெயர்ந்து உயிர்களைப் பலிகொண்டதால், 32 லட்சம் செங்கற்களைப் பரப்பி அதை மீண்டும் அமைத்தார்கள். 1922-இல் இத்தாலியில் மோன்சாவும், 1924-இல் பிரான்ஸில் மோன்லேரியும், 1927-இல் ஜெர்மனியில் நூர்பர்க்ரிங்கும் வந்தன. இவற்றில் நூர்பர்க்ரிங்கின் பிறப்பு கவனிக்கத் தக்கது. ஐஃபல் மலைப்பகுதியின் வறுமைக்கும் வேலையின்மைக்கும் நிவாரணமாகத் தொடங்கப்பட்ட கட்டுமானம் அது. மலைச்சாலை எப்படி ஏறி இறங்கி வளையுமோ அப்படியே, 20 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் ஒரு செயற்கைச் சாலையை அங்கே உருவாக்கினார்கள். ஆஸ்திரேலியாவின் பாத்தர்ஸ்ட் நகரில் 1938-இல் திறக்கப்பட்ட மவுண்ட் பனோரமா, பொருளாதார மந்தக் காலத்தின் வேலைவாய்ப்பு நிதியில், மலையைச் சுற்றிப்பார்க்கும் உல்லாசச் சாலை என்ற பெயரில் போடப்பட்டது. உண்மையான நோக்கம் பந்தயம் என்பது உள்ளூர்க்காரர்களுக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

டூரிங் கார்களுக்கு உண்மையில் வீடு தந்தவை இந்தப் பிரம்மாண்டங்கள் அல்ல. விமானத் தொழிற்சாலைகள் ஆக்கிரமித்துக்கொண்ட புரூக்லண்ட்ஸில் 1939-க்குப் பிறகு பந்தயமே நடக்கவில்லை. ஆனால் அதே இரண்டாம் உலகப் போர் பிரிட்டன் முழுவதும் விமானத் தளங்களை விட்டுச்சென்றது. ஓடுபாதைகளைச் சுற்றி விமானங்களை நகர்த்துவதற்காகப் போடப்பட்டிருந்த தார்ச்சாலைகள், போர் முடிந்ததும் ஆளில்லாமல் கிடந்தன. சில்வர்ஸ்டோன், குட்வுட், ஸ்னெட்டர்டன், திரக்ஸ்டன் ஆகிய தடங்கள் அனைத்தும் அவ்வாறு பிறந்தவை. சில்வர்ஸ்டோனில் 1948-இல் பந்தயம் தொடங்கியது. 1950 மே 13 அன்று ஃபார்முலா 1 உலக சாம்பியன்ஷிப்பின் முதல் பந்தயமும் அங்கேயே நடந்தது. நிலம் சமதளம், சாலை ஏற்கனவே தயார், அக்கம்பக்கத்தில் குறைசொல்ல வீடுகள் குறைவு. சிறு கிளப்புகளும் வாரக் கடைசியில் ஒரு பந்தயத்தை நடத்திவிட முடிந்தது. புல்தரையில் மோட்டார் சைக்கிள் பந்தயம் நடந்துவந்த பிராண்ட்ஸ் ஹாட்ச் 1950-இல் தார் பூசப்பட்டு கார்களுக்கும் திறக்கப்பட்டது. பள்ளத்தாக்கு போன்ற நில அமைப்பால், மேட்டில் நிற்பவர் தடத்தின் பெரும்பகுதியையும் ஒரே பார்வையில் காணலாம். அதன் குறுகிய சுற்று இரண்டு கிலோமீட்டருக்கும் குறைவு. வேகமான ஃபார்முலா கார்களுக்கு அது நெருக்கடி. ஒன்றையொன்று முட்டித் தள்ளிக்கொண்டு வரும் செடான்களுக்கோ அதைவிடப் பொருத்தமான மேடை கிடையாது.

இந்தச் சூழலில்தான் 1958-இல் பிரிட்டிஷ் சலூன் கார் சாம்பியன்ஷிப் தொடங்கியது. செடானை அங்கே சலூன் என்பார்கள். கார்களை எஞ்சின் அளவுப்படி பிரிவுகளாகப் பிரித்து, ஒவ்வொருவரும் தம் பிரிவில் பெறும் இடத்துக்கே புள்ளி தரப்பட்டது. ஆண்டின் முடிவில் ஆஸ்டின் வெஸ்ட்மின்ஸ்டர் ஓட்டிய ஜாக் சியர்ஸும், ஜாகுவார் ஓட்டிய டாமி சாப்வித்தும் சமமான புள்ளிகளோடு நின்றார்கள். நாணயத்தைச் சுண்டிப் பட்டத்தை முடிவுசெய்யலாம் என்ற யோசனையை இருவரும் ஏற்கவில்லை. ஒரே மாதிரியான இரண்டு ரைலி 1.5 கார்களைக் கொண்டுவந்து, பிராண்ட்ஸ் ஹாட்ச்சில் ஐந்து சுற்று ஓடவிட்டு, பிறகு கார்களை மாற்றிக்கொண்டு மீண்டும் ஐந்து சுற்று ஓடச் செய்தார்கள். மொத்த நேரத்தில் 1.6 வினாடி முன்னிலை பெற்ற சியர்ஸ் முதல் சாம்பியன் ஆனார்.

பிரிவுவாரிப் புள்ளி முறை விசித்திரமான விளைவுகளைத் தந்தது. 1961-இல் ஜான் விட்மோர் சிறிய மினி காரில் ஒட்டுமொத்தப் பட்டத்தை வென்றார். 1970 முதல் 1972 வரை தொடர்ந்து மூன்று ஆண்டுகள், ஒரு லிட்டருக்கும் குறைவான எஞ்சின் கொண்ட சன்பீம் இம்ப்பை ஓட்டிய பில் மெக்கவர்ன் சாம்பியன். அதே பந்தயங்களில் முதலில் கொடியைக் கடந்தவை பெரும்பாலும் எட்டு சிலிண்டர் எஞ்சின் கொண்ட அமெரிக்க வி8 கார்கள். பார்வையாளர் கைதட்டியது ஒருவருக்கு, கோப்பை போனது இன்னொருவருக்கு என்ற இந்த ஏற்பாட்டைப் பலர் கேலி செய்தார்கள். ஆயினும் மலிவான காரை வைத்திருந்த ஒருவரும் நாட்டின் சாம்பியனாகலாம் என்ற வாய்ப்பை அதன்பின் வந்த எந்த விதியும் இந்த அளவுக்குத் திறந்துவைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

மற்ற நாடுகளும் தத்தம் வழியில் புறப்பட்டன. ஆஸ்திரேலிய சாம்பியன்ஷிப் 1960-இல் ஒரே ஒரு பந்தயமாகத் தொடங்கி, 1969-இல்தான் பல சுற்றுகள் கொண்ட தொடரானது. அந்நாட்டு மக்களின் மனத்தைப் பிடித்தது அதைவிட பாத்தர்ஸ்டின் நெடுந்தூரப் பந்தயம். 1963-இல் மவுண்ட் பனோரமாவுக்கு வந்த அந்தப் பந்தயத்தில், 1966-இல் மினி கூப்பர் எஸ் கார்கள் முதல் ஒன்பது இடங்களையும் பிடித்தன. ஐரோப்பிய டூரிங் கார் சாம்பியன்ஷிப் 1963-இல் தொடங்கியது; 1970-களின் முற்பாதியில் ஃபோர்டு காப்ரிக்கும் பிஎம்டபிள்யூவுக்கும் நடந்த போட்டி அதன் பொற்காலம். 1972-இல் ஃபோர்டு வென்றது. ஃபோர்டின் பந்தயப் பிரிவை நடத்திய யோகன் நேர்பாஷை பிஎம்டபிள்யூ இழுத்துக்கொண்டு, அதே 1972-இல் பந்தயத்துக்கென்று தனி நிறுவனத்தைத் தொடங்கியது. மறு ஆண்டு, தொடக்கத்தில் சொன்ன டிக்கி இறக்கை வந்தது.

அமெரிக்காவில் இதற்கு இணையான ‘ஸ்டாக் கார்’ பந்தயம் வேறு மரபைச் சேர்ந்தது என்றாலும், அதன் முதல் நாளை மட்டும் இங்கே சொல்லாமல் கடக்க முடியவில்லை. மாற்றம் எதுவும் செய்யாத கார்களுக்கு மட்டும் என்று அறிவித்து நாஸ்கார் என்ற அமைப்பு 1949-இல் ஷார்லட்டில் நடத்திய முதல் பந்தயத்திலேயே, முதலில் வந்த காரின் பின்புற ஸ்பிரிங்குகள் மாற்றப்பட்டிருந்தது தெரியவந்து வெற்றி பறிக்கப்பட்டது.

தயாரிப்பாளர்களுக்கும் தடத்துக்கும் நடுவே நின்றவை அணிகள். இவற்றில் பல, ஒரு மெக்கானிக்கின் பட்டறையில் பிறந்தவை. 1967-இல் இருவர் தொடங்கிய ஏஎம்ஜி என்ற சிறு நிறுவனம், 1971-இல் பெல்ஜியத்தின் ஸ்பா 24 மணி நேரப் பந்தயத்துக்கு 6.8 லிட்டர் எஞ்சின் பொருத்திய கனமான மெர்சிடிஸ் சொகுசுக் காரைக் கொண்டுவந்து இரண்டாம் இடம் பெற்றது. இன்று அது மெர்சிடிஸின் சொந்தப் பிரிவு. பிரிட்டனில் டாம் வாக்கின்ஷா 1970-களில் தொடங்கிய டிடபிள்யூஆர் அணி, எந்த நிறுவனத்தின் காரையும் வெல்லும் காராக்கித் தரும் ஒப்பந்தக்காரராக வளர்ந்தது. 1984-இல் ஜாகுவார் எக்ஸ்ஜேஎஸ் காரில் வாக்கின்ஷாவே ஐரோப்பிய சாம்பியன் ஆனார். அந்த உறவு பின்னர் 1988-இல் பிரான்ஸின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஜாகுவாருக்கு வெற்றியையும் தந்தது. இதே அணி தயாரித்த ரோவர் கார்களில் ஒன்று 1983-இல் பிரிட்டிஷ் பட்டத்தை வென்று, விதிமீறல் வழக்கு முடிந்தபின் அதை இழந்ததும், பட்டம் ஆண்டி ரவுஸிடம் போனதும் அதே கதையின் மறுபக்கம். கெட்டிக்காரத்தனத்துக்கும் ஏமாற்றுக்கும் நடுவில் உள்ள கோடு பெரும்பாலும் ஆய்வாளரின் அளவுகோலில் மட்டுமே இருந்தது.

1982-இல் வந்த ‘குரூப் ஏ’ விதிகள் அந்தக் கோட்டைத் தெளிவாக வரைய முயன்றன. பன்னிரண்டு மாதங்களில் 5,000 கார் தயாரித்தால்தான் அந்த மாடல் பந்தயத்துக்குத் தகுதி பெறும். மேம்படுத்திய வடிவம் வேண்டுமென்றால் கூடுதலாக 500 தயாரிக்க வேண்டும். சாலைக் காரிலிருந்து பந்தயக் கார் பிறக்க வேண்டும் என்பதே நோக்கம். நடந்தது தலைகீழ்: பந்தயத்தில் என்ன வேண்டும் என்று முதலில் முடிவுசெய்து, அதற்கேற்ற சாலைக் காரைத் தயாரித்தார்கள். பிஎம்டபிள்யூ எம்3-இன், சக்கரங்களுக்கு மேல் அகன்று நிற்கும் சக்கர வளைவுகளும், காற்றோட்டத்துக்காகச் சரிவு மாற்றிய பின் கண்ணாடியும், உயர்த்திய டிக்கி மூடியும் அப்படி வந்தவை. ஃபோர்டு சியரா ஆர்எஸ்500 என்ற பெயரில் உள்ள எண், தயாரிக்க வேண்டிய கார்களின் எண்ணிக்கை. சாலையில் 224 குதிரைத்திறன் தந்த, கூடுதல் காற்றை உள்ளே திணிக்கும் அதன் டர்போ எஞ்சின், பந்தயத்தில் 500-ஐத் தாண்டியது. மெர்சிடிஸ் 190இ எவல்யூஷன் 2 சரியாக 502 கார்கள் மட்டும் தயாரிக்கப்பட்டது. இன்று சேகரிப்பாளர்கள் போட்டிபோட்டு வாங்கும் இந்தக் கார்கள் எல்லாம் ஒரு விதிப்புத்தகத்தின் குழந்தைகள்.

1987-இல் இதே விதிகளின்கீழ் உலக டூரிங் கார் சாம்பியன்ஷிப் தொடங்கியது. மோன்சாவில் நடந்த முதல் சுற்றில் முன்னால் வந்த பிஎம்டபிள்யூ எம்3 கார்கள் அனைத்தும், உடற்பகுதித் தகடுகள் விதிக்குப் புறம்பானவை என்று தகுதிநீக்கம் செய்யப்பட, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்திருந்த ஆலன் மொஃபட், ஜான் ஹார்வி இருவரின் ஹோல்டன் கொமடோர் வெற்றி பெற்றதாக அறிவிக்கப்பட்டது. அக்டோபரில் பாத்தர்ஸ்டில், முதல் இரண்டு இடங்களில் வந்த சியராக்கள் சக்கர வளைவுகளை அனுமதிக்கு மேல் குடைந்திருந்ததால் நீக்கப்பட்டு, ஆஸ்திரேலிய ஓட்டுநர் பீட்டர் பிராக்கின் அணிக்கு வெற்றி போனது. தடத்தில் பார்த்த முடிவு நாளிதழில் வேறாக இருந்தால் பார்வையாளர் எத்தனை நாள் பொறுப்பார்? அந்த உலக சாம்பியன்ஷிப் ஒரே ஆண்டோடு மூடப்பட்டது.

குரூப் ஏ-க்கு முடிவுரை எழுதியது நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர். நான்கு சக்கர இயக்கமும் இரட்டை டர்போவும் கொண்ட அந்தக் கார், 1990 முதல் 1993 வரை ஜப்பானிய சாம்பியன்ஷிப்பில் நடந்த 29 பந்தயங்களையும் வென்றது. 1991-இலும் 1992-இலும் பாத்தர்ஸ்டையும் வென்றது. 1992-இல் பெருமழையால் பந்தயம் நிறுத்தப்பட்டு, அதற்குள் விபத்தில் சிக்கியிருந்த நிசானே வென்றதாக அறிவிக்கப்பட்டபோது கூட்டம் கூச்சலிட்டது. மேடையில் நின்ற நிசான் ஓட்டுநர் ஜிம் ரிச்சர்ட்ஸ் கூட்டத்தை வெளிப்படையாகவே திட்டினார். ஆஸ்திரேலியா 1993 முதல் தன் சொந்த வி8 கார்களுக்கு, அதாவது ஃபோர்டின் ஃபால்கனுக்கும் ஹோல்டனின் கொமடோருக்கும், திரும்பிக்கொண்டது.

பிரிட்டன் தேர்ந்தெடுத்த வழி எளிமையானது. 1991 முதல் இரண்டு லிட்டர், டர்போ இல்லாத எஞ்சின் கொண்ட சாதாரண செடான்கள் மட்டும், பிரிவுகள் கிடையாது, முதலில் வருபவரே முதல்வர். ‘சூப்பர் டூரிங்’ என்ற பெயரில் இது உலகெங்கும் பரவியது. அலுவலகம் செல்பவர்கள் ஓட்டிய மாண்டியோவும் கவாலியரும் லகூனாவும் திடீரென்று தொலைக்காட்சி நட்சத்திரங்கள் ஆயின. 1994-இல் ஆல்ஃபா ரோமியோ, 155 மாடலின் சிறப்பு வடிவத்தில் இறக்கையை உயர்த்தும் துண்டுகளை டிக்கிக்குள் வைத்து விற்று, அவற்றைத் தடத்தில் பொருத்தியது. இருபத்தோரு ஆண்டுகளுக்கு முன் பிஎம்டபிள்யூ செய்ததை நினைவில் வைத்திருந்த ஒருவர் அந்த நிறுவனத்தில் இருந்திருக்கக்கூடும் என்று எண்ணத் தோன்றுகிறது. எதிர்ப்புக் கிளம்பி, இறக்கையைத் தாழ்த்தச் சொன்னபோது அணி ஓல்டன் பார்க் சுற்றிலிருந்து விலகிச் சென்றது. ஆயினும் அதன் ஓட்டுநர் கேப்ரியேல் டார்க்வினி அவ்வாண்டின் பட்டத்தை வென்றார். அதே ஆண்டில் வால்வோ, டிடபிள்யூஆர் அணியின் மூலம், பொருள் ஏற்றும் நீண்ட பின்புறம் கொண்ட 850 எஸ்டேட் காரைப் பந்தயத்தில் இறக்கியது. கேலி செய்தவர்களுக்குப் பதிலாக, பார்வையாளர் முன் வலம் வரும் சுற்றில் அதன் பின்பகுதியில் ஒரு பெரிய பொம்மை நாயை உட்காரவைத்தார்கள்.

இந்த வெற்றியே சூப்பர் டூரிங்கைக் கொன்றது. வில்லியம்ஸ், புரோடிரைவ் போன்ற பெரும் அணிகள் தயாரிப்பாளர்களின் பணத்தோடு வந்தபின், எஞ்சினை எவ்வளவு கீழே, எவ்வளவு பின்னால் தள்ளிப் பொருத்தலாம் என்பது போன்ற நுணுக்கங்களுக்கே பெரும் பணம் கரைந்தது. 2000-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் தொடரில் மிஞ்சியிருந்தவை ஃபோர்டு, ஹோண்டா, வாக்ஸ்ஹால் ஆகிய மூன்று நிறுவனங்கள் மட்டுமே. ஜெர்மனியின் சரிவு இன்னும் வேகமானது. 1984-இல் தனியார் அணிகளின் தொடராகத் தொடங்கி, முதல் ஆண்டில் ஒரு பந்தயத்தையும் வெல்லாமலே ஃபோல்கர் ஷ்ட்ரிசெக் சாம்பியனாகும் அளவுக்கு நிதானமாக இருந்த ஜெர்மன் டூரிங் கார் தொடரான டிடிஎம், 1993 முதல் மின்னணுச் சாதனங்கள் நிரம்பிய 2.5 லிட்டர் வி6 கார்களின் போர்க்களமானது. 1996-இல் பிரேசிலுக்கும் ஜப்பானுக்கும் பறந்த அந்தத் தொடர், ஆண்டு முடிவில் ஆல்ஃபாவும் ஓப்பலும் விலகியதும் நின்றுபோனது. 2000-இல் மீண்டும் பிறந்து, 2020-இல் மீண்டும் தயாரிப்பாளர்கள் இன்றித் தவித்து, 2021 முதல், விலையுயர்ந்த ஸ்போர்ட்ஸ் கார்களிலிருந்து உருவாக்கப்படும் ஜிடி3 கார்களுக்கு மாறியது.

அண்மைக்கால விதிகள் ஓட்டைகளை அடைக்கும் முயற்சியைக் கைவிட்டு, வெற்றிக்கே விலை வைக்கத் தொடங்கிவிட்டன. வென்ற கார் அடுத்த பந்தயத்தில் கூடுதல் எடை சுமக்க வேண்டும்: குதிரைப் பந்தயத்திலிருந்து புரூக்லண்ட்ஸ் எடுத்துக்கொண்ட ஹேண்டிகேப் யோசனைதான், எடையாக உருமாறி வந்திருக்கிறது. பிரிட்டிஷ் தொடர் 2011 முதல் கியர்பாக்ஸ் உள்ளிட்ட முக்கியப் பாகங்களை எல்லோருக்கும் பொதுவாக்கியது. 2022-இல் ஹைபிரிட் வந்தபோது எடைக்குப் பதிலாக, வென்றவர் மின்விசையைப் பயன்படுத்தும் நேரத்தைக் குறைத்தது. 2015-இல் தொடங்கிய டிசிஆர் முறையில், தயாரிப்பாளர் காரைச் செய்து தனியார் அணிகளுக்கு விற்பார். எந்தக் கார் வேகமாக இருந்தாலும் எடையாலும் எஞ்சின் திறனாலும் மற்றவற்றின் அளவுக்கு இழுத்து நிறுத்தப்படும். செலவு குறைந்திருக்கிறது, பந்தயம் நெருக்கமாகியிருக்கிறது. ஆனால் மேலான காரைச் செய்வதற்கான காரணமும் அதே அளவுக்குக் குறைந்திருக்கிறது.

ஆஸ்திரேலியாவில் ஒற்றுமை என்ற கேள்வியே வேறு முடிவுக்கு வந்துவிட்டது. ஃபோர்டு 2016-இலும் ஹோல்டன் 2017-இலும் அந்நாட்டில் கார் தயாரிப்பதை நிறுத்தின. 2020-இல் ஹோல்டன் என்ற பெயரே கைவிடப்படும் என்று அறிவிக்கப்பட்டது. ஆஸ்திரேலிய சாம்பியன்ஷிப்பின் இன்றைய வடிவமான சூப்பர்கார்ஸ் தொடரில் 2023-இல் ஃபோர்டு மஸ்டாங்கும் செவர்லே கமாரோவும் ஓடத் தொடங்கின. இரண்டும் ஒரே அடிச்சட்டத்தின் மேல் போர்த்திய இரு வேறு உடல்கள். அவற்றில் கமாரோவின் உற்பத்தி அமெரிக்காவிலேயே சில மாதங்களில் நின்றுவிட்டது. ஆண்டுதோறும் அக்டோபரில் அவை மவுண்ட் பனோரமாவில் ஆயிரம் கிலோமீட்டர் ஓடுகின்றன. பந்தயம் முடிந்து தடுப்புகள் அகற்றப்பட்டதும் அந்த 6.2 கிலோமீட்டர் மலைப்பாதை மீண்டும் பொதுச்சாலையாகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் என்ற வேக வரம்புக்குள், ஓரத்தில் குடியிருப்பவர்கள் தங்கள் கார்களில் அதன் வழியே வீட்டுக்குப் போகிறார்கள்.